எவர் துவக்குக்கும் பொருந்தாத ரவை

அன்புச் சின்னண்ணை,

வருகிற கிழமை உங்கள் ஆண்டுத்திவசம். ஐயருக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கும் ஆள் பிடித்தாயிற்று. செய்ய வேண்டியதெல்லாம் செய்த பிறகும் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேத்தண்ணீர் ஊற்றுகிறேன், குடிக்க மறந்துபோகிறேன். யன்னலடிக்குப் போகிறேன், கீழே பஸ் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். நடந்து நடந்து கால் உளைந்த பிறகுதான் இந்தக் கதிரையில் இருந்தேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுப் புத்தகமாகக் கல்வெட்டு அடித்தோம், தடித்த தாளில், கலர்ப் படத்தோடு. சித்தப்பாதான் பொறுப்பெடுத்தார். நான் எழுதிக் கொடுத்த நினைவுரையில் ஒரு வசனத்தை அவர் வெட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குப் போவார் என்ற வசனத்தைத்தான்.

"பிள்ளை, ஊரை விட்டு ஏன் ஓடி வந்தனாங்கள்? துவக்குச் சத்தம் கேக்கேலாமல்தானே. இதை வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார்.

ஆகவே கல்வெட்டில் நீங்கள் பக்திமானாகவும், பல்கனியில் கறிவேப்பிலை வளர்த்தவராகவும் மட்டும் இருக்கிறீர்கள். கோயிலுக்கு நீங்கள் போனதே தேருக்குத்தான், அதிலும் அன்னதானம் தொடங்கிய பிறகுதான் என்பதை அங்கே எழுத எனக்கும் மனம் வரவில்லை. வெட்டிய வசனத்தின் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதைப் பத்திரிகையில் போட்டாலும் போடட்டும், வாசிக்கிறவர்கள் என்னவும் நினைக்கட்டும். அலுமாரிக்குள் நீங்கள் விட்டுப்போன இரும்புப் பெட்டியை நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெட்டி இந்த வெக்ஸ்போர்ட் அப்பாட்மென்றுக்குள் வந்த நாள் நினைவிருக்கிறதா? லைசென்ஸ் எடுத்து, பொலிசில் பதிந்து, எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தீர்கள், எனக்குச் சொல்லுவதைத் தவிர. பெட்டியை அலுமாரிச் சுவரோடு ஆணி முறுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தபோது நான் வேலையால் வந்தேன். ஊரில் பெரியண்ணையை இந்தத் துவக்குக்குத்தானே பறிகொடுத்தோம் என்று கேட்டேன். நீங்கள் பல்கனிக்குப் போய் நின்றீர்கள். அதன் பிறகு கனநாள் நான் சோற்றைக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன்.

கோபம் ஆறிய பிறகுதான் அந்தப் பிஸ்டலின் கூத்தெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. கிளப்பில் எல்லாரும் ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் எங்கேயோ தேடிப்பிடித்து, சுவிஸ்காரர் தங்கள் அதிகாரிகளுக்கென்று முந்திச் செய்த பழைய பிஸ்டலை வாங்கி வந்திருந்தீர்கள். அதன் குழாயின் வாய் ஏழு தசம் ஆறு ஐந்து மில்லிமீற்றர்தான். அந்த அளவுக்கு ரவை இந்த ஸ்காபரோவில் எந்தக் கடையிலும் இல்லை. டவுன்ரவுன் துவக்குக் கடைக்காரன் உங்கள் குரலைக் கேட்டதுமே ரெலிபோனில் சிரிப்பான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அதனால் நீங்களே ரவை செய்தீர்கள். தொழிற்சாலையில் கிழமை முழுக்க இரும்பு கடைந்துவிட்டு வந்து, சனிக்கிழமை என் சாப்பாட்டு மேசையில் ரவை அமத்துகிற அந்தச் சின்ன மெஷினைப் பூட்டிக்கொண்டு இருப்பீர்கள். சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதைத் துடைத்து, அளவாக்கி, வெடிமருந்து நிரப்பி, மேலே ஈயச் சன்னத்தை வைத்து அமத்துவீர்கள். கழுத்து ஒடுங்கிய குட்டிப் போத்தல் மாதிரி ஒவ்வொன்றும் வரிசையில் நிற்கும். கோது முடிந்தால் சுடுவதும் முடிந்தது. ஆகையால் நிலத்தில் விழுவதை ஒன்றும் விடாமல் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள்.

உங்கள் கிளப் சிநேகிதன் டொனி, அந்த இத்தாலிக்கார மெக்கானிக், இதை வைத்து உங்களைப் படாதபாடு படுத்துவான். போட்டியில் மற்றவர்களுக்கு ரவை முடிந்தால் பக்கத்தில் நிற்பவன் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பான். உங்களுக்கு முடிந்தால் நீங்கள் பெட்டியைப் பூட்டிவிட்டு எல்லாருக்கும் கோப்பி வாங்கப் போகவேண்டியதுதான். ஆனால் சுடும்போது அது கையை உதைக்காது, சொன்ன இடத்தில் போய் நிற்கும் என்று அவனே ஒத்துக்கொள்வான். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ நீங்களே பெற்ற பிள்ளை சோதனை பாஸ் பண்ணியது போல இருக்கும்.

புளிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோதுகள் கறுத்துப்போகின்றன என்று நீங்கள் கவலைப்பட்டபோது, பித்தளைதானே, அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே மினுக்குவா என்று உங்களுக்கே யோசனை வந்தது. பிளாசாவில் குலமண்ணையின் பலசரக்குக் கடைக்குப் போய்ப் பழப்புளி வாங்கி வந்து, சட்டியில் கரைத்து, இருந்த கோது முழுவதையும் உள்ளே கொட்டினீர்கள். பிறகு வேலைக்குப் போன இடத்தில் ஓவர்ரைம் என்று மறித்துவிட்டார்கள். அங்கேயே படுத்தெழும்பி அடுத்த நாள் வந்து பார்த்தால் மஞ்சள் கோதெல்லாம் செம்பு நிறமாய்க் கிடந்தது. டொனி முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, புளிப்பு பித்தளையைத் தின்றுவிட்டது, இனி இவை வெடிப்பைத் தாங்காது, எறிந்துவிடு என்றான்.

குத்துவிளக்கை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் கேள்வியில்லை, ஏனென்றால் அது ஒன்றையும் தாங்க வேண்டியதில்லை. இது எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் விடாத பிழை. அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் சுடவில்லை. வேறு கோது அமெரிக்காவிலிருந்து வரும்வரை வெறும் பிஸ்டலை எடுத்துத் துடைப்பதும் திரும்பப் பூட்டுவதுமாக இருந்தீர்கள். குலமண்ணை உங்களைக் கண்டபோதெல்லாம் ரசம் எப்படி வந்தது என்று கேட்டுச் சிரிப்பார்.

பிறகு போன வருட மார்ச் மாதம் வந்தது. நின்ற மெஷினடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். மிசிசாகாவில், நான் வேலை செய்கிற விமானச் சரக்குக் கந்தோரில் ரெலிபோனை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு ஒரு சொல்லாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா, அண்ணை?

எட்டுச் செலவுக் கிரியை நடந்து முடிந்ததும் பொலிசில் இருந்து ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். பதிவில் இருப்பவர் உயிரோடு இல்லை என்பதால் பிஸ்டலுக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்றாள். லைசென்ஸ் உள்ள எவருக்காவது மாற்றலாம், அல்லது தங்களிடம் தந்தால் உருக்கிவிடுவார்கள். கொஞ்சம் தவணை கேட்டேன். தந்தாள்.

முதலில் டொனியைக் கேட்டேன். அவன் கிளப்பில் எல்லாரிடமும் விசாரித்தான். எல்லாரும் வாங்கிப் பார்த்தார்களாம், வடிவான சாமான் என்று சொன்னார்களாம், திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ரவைக்கு எங்கே போவது என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். குழாயை மட்டும் கழற்றி ஒன்பது மில்லிமீற்றர்க் குழாய் போட்டால் நாளைக்கே ஆள் வரும், வேறெதையும் மாற்றத் தேவையில்லை, வேண்டுமென்றால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான். சின்ன வேலைதானே, ஓமென்று சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வாயில் ஓம் வரவில்லை.

அதற்கிடையில்தான் குலமண்ணை வந்தார். உங்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிய மனிசன். அந்தக் கோடையில் அவருடைய கடைக்குள் இரண்டு பேர் கத்தியோடு புகுந்து, அவரைக் கல்லாவோடு சேர்த்து நெருக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கதவு மணி அடித்தாலே திடுக்கிடுகிறார் என்று அவருடைய மனிசி எனக்குச் சொல்லியிருந்தா. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் படத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கேட்டார், பிஸ்டலைத் தரச் சொல்லி. தொலைந்துவிட்டது என்று பொலிசுக்குச் சொல்லலாமாம். கல்லாவுக்குக் கீழே கிடக்குமாம். ஒருவருக்கும் தெரியாதாம்.

சட்டைப்பைக்குள் இருந்து கடதாசியில் சுற்றிய ஒரு ரவையை எடுத்து மேசையில் வைத்தார். ஆரிடமோ கேட்டு வாங்கியது. நீங்கள் செய்த ரவையைப் போட்டு வைத்த தகரப் பேணிக்குள் இருந்து நான் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவருடையது ஒன்பது மில்லிமீற்றர், நேராக, தடித்து நின்றது. உங்களுடையது கழுத்து ஒடுங்கி நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழாயை மட்டும் மாத்தினால் காணுமாம், தங்கச்சி. செய்யக்கூடிய ஒராள் இருக்கிறான்," என்றார்.

டொனி சொன்ன அதே கதை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. வன்கூவர் போக வேண்டிய சரக்கை வின்னிபெக்குக்குப் பதிந்தேன், மனேஜரிடம் ஏச்சு வாங்கினேன். நேர்மையான டொனிக்கும், பயந்துபோன குலமண்ணைக்கும் வேண்டியது ஒரே குழாய்தான். அது என்னை ஏன் இப்படி அரிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்சுக்குள் நின்றபோதுதான், நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு நீங்கள் கோது துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஊருலகத்தில் இல்லாத அளவில் ஒன்றை வாங்கி இப்படி மாரடிக்கிறீர்களே, எல்லாரையும் போல ஒன்றை வாங்கினால் என்ன என்று பகிடியாகத்தான் கேட்டேன். நீங்கள் பகிடியாகப் பதில் சொல்லவில்லை.

"பெரியண்ணை விழுந்த இடத்திலை நான் கோது பொறுக்கினனான். உனக்குத் தெரியாது. றோட்டு முழுக்கக் கிடந்தது. வீட்டை கொண்டுவந்து ஒண்டொண்டாப் பிரட்டிப் பாத்தன். சண்டை பிடிச்ச ரெண்டு பக்கமும் ஒரே துவக்கு, ஒரே ரவை. எது ஆரின்ரை எண்டு எப்பிடிச் சொல்லுறது? அவங்கள் இவங்கள் எண்டாங்கள், இவங்கள் அவங்கள் எண்டாங்கள். அம்மா சாகுமட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தவ."

அம்மா கேட்டது எனக்கும் தெரியும். ஆர் சுட்டது, ஆர் சுட்டது என்று கஞ்சி பருக்கும்போதும் கேட்பா. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு கரண்டியை நீட்டுவீர்கள்.

"இது வெடிச்சால் என்ரை எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்," என்று கையில் இருந்த கோதைக் காட்டினீர்கள். "அந்தக் கிளப்பிலை ஆயிரம் கோது கிடந்தாலும் என்ரை எது எண்டு எனக்குத் தெரியும். ஒண்டையும் கிடக்கவிடமாட்டன்."

வெங்காயத்தால்தான் கண்ணீர் வருகிறது என்பது போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை விளங்கிக்கொண்டேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. துவக்கை வெறுக்கிற ஒருவர் ஏன் துவக்கை வாங்கவேண்டும் என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. உங்களுக்குத் தீர்ந்ததா? ஆனால் குழாயை மாற்றினால் அது எல்லாருடைய துவக்காகவும் ஆகிவிடும் என்பது மட்டும் அந்தப் பஸ்சுக்குள் எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த தரிப்பிலேயே இறங்கி, குலமண்ணையின் கடைக்கு நடந்தேன்.

"ஏலாது அண்ணை," என்றேன்.

"சரி தங்கச்சி. எனக்கு ஏதும் நடந்தால் அப்ப யோசியுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நடந்தது, அண்ணை. இலை கொட்டுகிற நேரம் கள்ளர் திரும்பவும் கடைக்குள் வந்திருக்கிறார்கள். போத்தலால் தலையில் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் போட்டு, தலையைச் சுற்றிக் கட்டி, கண் வீங்கிக் கிடந்தார். என்னைக் கண்டதும் அவருடைய மனிசி எழும்பி நின்றா. ஏசப்போகிறா என்று நினைத்தேன், ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கல்லாவுக்குக் கீழே உங்கள் பிஸ்டல் இருந்திருந்தால் அவருடைய மண்டை தப்பியிருக்குமா? அல்லது வந்தவர்களில் ஒருவனைப் பெற்றவள் எங்கள் அம்மாவைப் போலக் கேட்டுக்கொண்டு கிடப்பாளா? நான் செய்தது சரி என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்கள் படத்தைப் பார்த்து எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

பொலிசுக்கே கொடுத்துவிடுவோம் என்றுதான் அடுத்து நினைத்தேன். உருக்கினால் தொல்லை தீரும். ரெலிபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது வேறு. என்னுடைய பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், சின்னண்ணை. மான் வேட்டைக்காரர்களுக்கு நடுவில், பொட்டு வைத்துக்கொண்டு நான் ஒருத்திதான். சோதனையும் பாஸ் பண்ணினேன். விசாரிக்க வந்த பொலிஸ்காரர், உனக்கு இது எதற்கு என்று கேட்டார். அண்ணனுடையது, இதை அவர் வைத்திருந்த மாதிரியே வைத்திருக்க வேண்டும் என்றேன். அதை எழுதிக்கொண்டு போனார், பிஸ்டல் என் பெயருக்கு வந்தது. இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. திவசத்துக்கு வருவார், அன்னதானத்தில் அவரும் உங்களைப் போலத்தான்.

கடந்த ஞாயிறு முதன்முறையாக டொனியோடு கிளப்புக்குப் போனேன். நகரத்துக்கு வெளியே, வெட்டைவெளி. பனி இன்னும் முழங்கால் மட்டும் கிடக்கிறது, சுடுகிறவர்கள் நிற்கிற வரிசையில் மட்டும் வழித்து வைத்திருந்தார்கள். நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன ரவையைத்தான் போட்டேன். உங்கள் கை கடைசியாகத் தொட்ட ரவை, அதை வெடித்துத் தீர்க்கப் போகிறேனே என்று அழுகை வந்தது. டொனி அவசரப்படுத்தவில்லை.

முதல் வெடி எங்கே போனதோ தெரியாது. இரண்டாவது தாளின் ஓரத்தில் பட்டது. அது கையை உதைக்கவில்லை, நீங்கள் சொன்னபடிதான். எனக்குச் சந்தோசமாக இருந்ததா? இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. அதே நேரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் பெரியண்ணையின் முகம் வந்து போனது. நீங்களும் இப்படித்தான் நின்றீர்களா, இரண்டையும் ஒன்றாகத் தாங்கிக்கொண்டு?

எல்லாரும் சுடுவதை நிற்பாட்டியதும் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். சுற்றிவர மற்றவர்களின் கட்டைக் கோதுகள் சிதறிக் கிடந்தன. எங்களுடையது கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது. பொறுக்கி, பேணிக்குள் போட்டு எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. அந்தப் பிஸ்டல் கோதை மேலே தூக்கி எறியும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்துப் பனிக் குவியலில் சூட்டோடு விழுந்து, கரைத்துக்கொண்டு கீழே போயிருக்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டுத் தோண்டினேன். முழங்காலில் நின்று தோண்டினேன். விரல் மரத்துப்போனது. டொனி வந்து, விடு, வெறும் பித்தளைத் துண்டுதானே என்றான். மற்றவர்கள் சுடுவதற்குக் காத்து நின்றார்கள். நான் எழும்பி வரவேண்டியதாகிவிட்டது.

நேற்றுக் குலமண்ணையின் கடைக்குப் போய்ப் பழப்புளி கேட்டேன். அவருடைய நெற்றியில் தையல் போட்ட தடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. கேட்டது எதற்கென்று அவருக்குத் தெரியும். கட்டித் தந்தார். நான் கதவடிக்குப் போன பிறகு கூப்பிட்டார்.

"கனநேரம் ஊற விடாதையுங்கோ, தங்கச்சி. கொண்ணர் அந்தப் புளியாலை ஒருக்காப் பட்டவர்," என்றார்.

கடைக்கு வெளியே வந்து, குளிருக்குள் நின்று அழுதேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குசினியில் அந்தக் கோதுகள் புளித்தண்ணீருக்குள் கிடக்கின்றன. இதோ, இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். இப்போது எடுத்துக் கழுவித் துணியில் பரப்பிவிட்டு வந்திருக்கிறேன். மஞ்சளாகத்தான் இருக்கின்றன, பயப்படாதீர்கள்.

ஆனால் ஒன்று இங்கே இல்லை. இந்தக் கிழமை முழுக்க நான் இருக்கவும் நிற்கவும் முடியாமல் யன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறது அதற்காகத்தான், அண்ணை. நான் வெடித்த ஒன்று வெளியே கிடக்கிறது, அதை நான் எடுக்கவில்லை.

பனி கரையத் தொடங்கியதும், மற்றவர்கள் வருவதற்கு முதல் நான் அங்கே நிற்பேன். கிடைக்கும்வரை தேடுவேன். அந்தக் குழாயை ஒருநாளும் மாற்ற மாட்டேன். எனக்கு முன் வேறு எவராவது அந்தக் கோதைக் கண்டெடுத்து, இது ஆருடையது என்று கேட்டால், என்னுடையது என்று சொல்லுவேன்.

உங்கள் கோதுகளைப் பொறுக்குகிற
தங்கச்சி,
ரதி